கையில் உறுதி, காணியில் முகாம்



நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலின் பெயர் 'சிவகங்கை'. 2024 ஆகஸ்டு மாதம் இக்கப்பல் தன் பயணத்தைத் தொடங்கியது. காரைக்குடியிலிருந்து சென்ற எனக்கு, நம் மறைமாவட்டத்தின் பெயரைத் தாங்கிய கப்பலில் ஏறியபோது உறவினர் வீட்டு வண்டியில் ஏறியதுபோல் இருந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் மறுகரை வந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து சென்னை செல்வதற்கு ஆகும் நேரத்தில் பாதிதான். அதே மொழி, அதே பனைமரம், அதே வெயில். ஆலயங்களில் நாம் பாடும் பாடல்களைக்கூட அவர்களும் பாடுகிறார்கள்.

ஆனால் இவ்வளவு அருகில் இருக்கும் இம்மக்களின் அன்றாட வாழ்வு பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. நம் ஊரில் பலருக்கு அத்துடன் இலங்கைத் தமிழர் பற்றிய செய்தியும் முடிந்துவிட்டது. அந்த மண்ணில் சில நாள்கள் நடந்து, கேட்டு, பார்த்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி ஓய்ந்த பிறகு

யாழ்ப்பாணத்திற்கு வரும் பயணி முதலில் காண்பது அமைதியான ஊர். கடைகள் திறந்திருக்கின்றன. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கிறார்கள். வீதியில் யாரும் நம்மைத் தடுத்து நிறுத்துவதில்லை. "இங்கே என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நீண்டு செல்லும் முட்கம்பி வேலிகளும், அவற்றிற்குப் பின்னால் கூரையற்ற வீடுகளும், காவல் கூண்டுகளும் கண்ணில் படத் தொடங்கின.

கப்பல் வந்து நிற்கும் காங்கேசன்துறையே இதற்கு ஒரு சான்று. அங்கே கடற்படையின் வடபகுதிக் கட்டளைத் தலைமையகம் உள்ளது. அதே கரையில் இராணுவம் நடத்தும் 'தல்செவன' என்ற உல்லாச விடுதியும் உள்ளது. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தையிட்டி ஆகிய ஊர்கள் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆயின. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆன பின், 2013 ஏப்ரலில், அப்பகுதியில் 6,381 ஏக்கர் நிலத்தை இராணுவத் தேவைக்காக நிரந்தரமாகச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. மக்கள் நீதிமன்றம் சென்றார்கள், வீதியில் அமர்ந்தார்கள். 2015க்குப் பிறகு நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீனவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 27 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. இன்னும் ஒரு பகுதி விடுவிக்கப்படாமல் இருக்கிறது.

பலாலிக்கும் வசாவிளானுக்கும் இடையே உள்ள வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளை ஒருவர் எனக்குச் சொன்னார். பகலில் மட்டுமே போகலாம். வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. நடந்து போகக்கூடாது. தன் சொந்த வீட்டைக் கடந்து செல்லும் ஒருவர், இறங்கி ஒரு நிமிடம் வாசலில் நிற்க முடியாது. இதைச் சொன்னவர் கோபப்படவில்லை. "றோட்டாவது திறந்திச்சினமே" என்றார். எனக்கு அவர் சொன்ன நிபந்தனைகளைவிட இந்தப் பதில்தான் அதிகம் வலித்தது.

அன்பர்களே, இராணுவத்தின் பிடியில் வாழ்வது என்றால் நாள்தோறும் அடியும் உதையும் என்று நாம் கற்பனை செய்கிறோம். வன்னியில் நான் கண்டது வேறு. வீதியோரத் தேநீர்க் கடையை நடத்துவது இராணுவம். தோட்டம் செய்து காய்கறி விற்பது இராணுவம். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பல முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்தது படைத்துறையின்கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களம். முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டு குடிமக்களுக்குக் குறைந்தது ஒரு படைவீரர் இருப்பதாக 2017இல் அடையாளம் கொள்கை ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அண்டைவீட்டுக்காரர், கடைக்காரர், முதலாளி, காவல்காரர் எல்லாருமே சீருடையில் இருந்தால், ஒரு மனிதர் எவரிடம் போய்த் தன் குறையைச் சொல்வார்?

இலங்கை அரசு இதனை 'ஆக்கிரமிப்பு' என்று ஏற்காது. எங்கள் நாட்டில் எங்கள் இராணுவம் இருக்கிறது என்றே சொல்லும். திபெத்தில் சீன அரசு சொல்வதும் இதுவே. சட்டநூலில் எந்தச் சொல் பொருந்தும் என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். தம் கிணற்றில் தண்ணீர் அள்ள அனுமதி கேட்க வேண்டியவர்களுக்குச் சட்டநூலின் சொல்லால் ஆவது ஒன்றுமில்லை.

உறுதி என்னும் சொல்

நாம் 'நிலப் பத்திரம்' என்று சொல்வதை அவர்கள் 'காணி உறுதி' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா என்னோடு பேசினார். பேச்சு அவரது ஊரைப் பற்றித் திரும்பியது. வீட்டிற்கு அழைத்துச் சென்று, தேத்தண்ணி தந்து, அலுமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மடிப்புகளில் கிழிந்துபோன பழைய தாள்கள்.

"தம்பி, இதுதான் எங்கட காணி உறுதி. அப்பு எனக்குச் சீதனமாத் தந்தது. ரெண்டு மூண்டு நாளில திரும்பி வரலாம் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள். காணிக்குள்ள ஆமி இருக்கு. உறுதி மட்டும் என்ர கையில இருக்கு."

ஐந்து முறை இடம்பெயர்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் எடுத்தது அந்தப் பையைத்தான். யாழ்ப்பாணத்து வழக்கப்படி காணி பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகிறது. ஆகவே காணி இல்லை என்றால் மகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, அவள் மகளுக்கும் ஒன்றுமில்லை. வேலிக்குள் அகப்பட்டது ஒரு தலைமுறையின் நிலம் மட்டும் அல்ல.

அந்தப் பை எவ்வளவு முக்கியமானது என்பதை 2025இல் எல்லாரும் கண்டார்கள். அவ்வாண்டு மார்ச்சு மாதம் வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலத்திற்கு மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்க வேண்டும், இல்லையேல் அது அரசுக் காணியாகும் என்ற அறிவித்தல் வந்தது. குண்டுவீச்சிலும் ஓட்டத்திலும் ஆழிப்பேரலையிலும் உறுதிகளைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். வெளிநாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மூன்று மாதத்தில் எப்படி நிரூபிப்பார்கள்? கடும் எதிர்ப்பு எழுந்து, உச்ச நீதிமன்றம்வரை வழக்குச் சென்ற பிறகு அந்த அறிவித்தல் திரும்பப் பெறப்பட்டது.

அந்த அம்மாவின் வீட்டில் இருந்தபோது எனக்கு நாபோத்தின் நினைவு வந்தது (1 அரசர்கள் 21). அரசன் ஆகாபு முதலில் நாபோத்தை மிரட்டவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்று நயமாகவே கேட்டான். நாபோத்து மறுத்ததற்குக் காரணம் விலை அல்ல, அது மூதாதையரின் உரிமைச் சொத்து என்பதே. அதன் பிறகுதான் பொய்ச்சாட்சியும் கல்லெறியும் வந்தன. நிலத்தைப் பறிப்பவர்கள் எப்போதும் வாளோடு மட்டும் வருவதில்லை. மாற்று நிலத்தோடும், நட்டஈட்டோடும், சட்ட அறிவித்தலோடும் வருகிறார்கள். முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களுக்கும் மாற்று இடம் கொடுக்கப்பட்டது. 'எங்கள் ஊரே வேண்டும்' என்று 2017இல் இராணுவ முகாமின் வாசலில் அவர்கள் பந்தல் போட்டு அமர்ந்தார்கள்.

வேலிக்குள் ஆலயம்

மன்னார் மறைமாவட்டத்தில் முள்ளிக்குளம் என்றொரு கத்தோலிக்கக் கிராமம் உண்டு. 2007 செப்டம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2012இல் திரும்பி வந்தவர்களுக்கு ஊருக்குள் இடமில்லை. பக்கத்திலுள்ள மலங்காட்டில் தகரக் கொட்டில்களைப் போட்டு வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஆலயம் கடற்படை வளாகத்துக்குள் இருந்தது. திருப்பலிக்காக அனுமதியோடு உள்ளே போவார்கள். திருப்பலி முடிந்ததும் தம் சொந்த வீடுகளைப் பார்த்தபடியே வெளியே வருவார்கள். 2017 மார்ச்சில் அவர்கள் தொடங்கிய போராட்டத்திற்குப் பிறகு, ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்று கடற்படை அறிவித்தது.

நாம் ஞாயிறன்று ஆலயத்திற்குத் தாமதமாகச் செல்கிறோம், மழை வந்தால் செல்லாமலும் இருக்கிறோம். படைவீரரிடம் அனுமதி பெற்றுத் தம் ஆலயத்தில் முழந்தாளிடும் மக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கடலில் இருக்கும் இரணைதீவின் கதை இன்னும் எழுச்சி மிக்கது. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த அத்தீவிலிருந்து 1992இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். முழங்காவில் அருகே இரணைமாதா நகரில் குடியேறி, தீவுக்குத் திரும்பக் கால் நூற்றாண்டு காத்திருந்தனர். 2017 மே முதல் நாளில் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ ஓர் ஆண்டு, பெரும்பாலும் பெண்களே, பந்தலில் அமர்ந்திருந்தனர். ஆட்களும் வாக்குறுதிகளும் வந்து போனதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று அருட்பணியாளர்களும் உடன்வர, படகுகளில் வெள்ளைக் கொடி கட்டி, தங்கள் தீவை நோக்கிப் புறப்பட்டார்கள். கடற்படை அவர்களைச் சுடவில்லை. அவர்கள் கரையிறங்கி, நேரே பாழடைந்த செபமாலை மாதா ஆலயத்திற்குச் சென்று செபித்தார்கள். பிறகு திரும்பிப் போக மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அரசு அவர்கள் அங்கே தங்க இசைந்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நமக்குப் பாராட்ட மட்டுமே வேலை இருக்கும். 2021 மார்ச்சில் அதே இரணைதீவை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்கும் இடமாக அரசு அறிவித்தது. அதுவரை முஸ்லிம்களின் உடல்கள் அவர்கள் சமய நெறிக்கு மாறாகக் கட்டாயமாக எரிக்கப்பட்டு வந்தன. இப்போது ஒரு காயம்பட்ட இனத்தின் துயரம் இன்னொரு காயம்பட்ட ஊரின் வாசலில் இறக்கப்பட்டது. இரணைதீவு மக்கள் எதிர்த்தார்கள், அவர்களின் குருக்களும் உடன் நின்றார்கள். பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. மேலே இருப்பவர் எடுக்கும் முடிவு, கீழே இருக்கும் இருவரை ஒருவருக்கொருவர் எதிரிகளாக்கிவிடக்கூடும் என்பதை இந்நிகழ்வு நமக்குக் காட்டுகிறது.

கொடையா? உரிமையா?

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நம் மறைமாவட்டத்து மக்கள் ஆண்டுதோறும் படகேறிப் போவதை அறிவோம். யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தீவின் புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது இலங்கைக் கடற்படை. அதில் உழைத்த வீரர்களில் நல்ல மனம் கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அதை மறுப்பது அநீதி. சிங்களக் கிராமத்திலிருந்து வறுமையால் படையில் சேர்ந்த அந்த இளைஞரும் ஒரு தாயின் பிள்ளையே.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு கையால் ஆலயம் கட்டும் படை, மறு கையால் இன்னோர் ஆலயத்தின் ஊரை வேலிக்குள் வைத்திருந்தால், அந்தக் கொடையை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (எண் 8) தெளிவாகக் கற்பிக்கிறது: நீதியின்படி ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டி வழங்கக்கூடாது. இந்த ஒரு போதனையை வைத்துப் பார்த்தால் வடக்கின் அன்றாட வாழ்வு விளங்கும். அங்கே காணி 'விடுவிக்கப்படுகிறது'. வீதி 'திறந்துவிடப்படுகிறது'. விழா எடுத்து, மேடை போட்டு, நாடா வெட்டி, மக்களின் சொத்து மக்களுக்கு 'வழங்கப்படுகிறது'. பெற்றுக்கொண்டவர் நன்றி சொல்ல வேண்டும். "றோட்டாவது திறந்திச்சினமே" என்ற பதில் எனக்கு ஏன் வலித்தது என்பது இப்போது உங்களுக்கும் புரியும்.

நினைவுகூர்வதற்கும் அனுமதி வேண்டும். போரின் இறுதி நாள்களில் பசியாற்றிய கஞ்சியை மே மாதத்தில் காய்ச்சிப் பகிர்வது தமிழரின் நினைவு வழக்கமாகிவிட்டது. 2024 மே மாதம் திருகோணமலையின் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். உப்பும் அரிசியும் கலந்த கஞ்சியில் என்ன ஆபத்து இருக்கிறது? மன்னார் ஆயராக இருந்த மேதகு இராயப்பு யோசேப்பு, 2011 சனவரியில் அரசின் ஆணைக்குழு முன் அரசின் ஆவணங்களையே காட்டி, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டனர்.

நம் ஆண்டவரும் படையினரின் ஆட்சிக்குக் கீழ் வாழ்ந்தவரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்துபவரைப் பற்றி அவர் மலைப்பொழிவில் சொன்னது (மத்தேயு 5:41), உரோமை வீரரின் சுமையைத் தூக்க வைக்கப்பட்ட சாதாரண மக்களுக்குத்தான். சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டதைச் சொல்லும் இடத்திலும் (மாற்கு 15:21), கிரேக்க மூலத்தில் அதே வினைச்சொல் வருகிறது. சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் காண்பது, வயலிலிருந்து வீடு திரும்பும் வழியில் படைவீரரால் பிடிக்கப்பட்ட ஒரு குடியானவரை.

நம் கைகளைப் பார்ப்போம்

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும்.

இரணைமாதா நகரில் ஒரு மீனவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நேவி எங்கட தீவைப் பிடிச்சு வச்சிருந்தது. உங்கட இழுவைப் படகுகள் எங்கட கடலைப் பிடிச்சு வச்சிருக்கு. ரெண்டுக்கும் நாங்கள் என்ன செய்யிறது?" எனக்குப் பதில் வரவில்லை. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர் கடலில் இறங்கத் தடை இருந்தது. அந்த இடத்தில் நம் கரையின் இழுவைமடிப் படகுகள் பழகிவிட்டன. போர் முடிந்து அவர்கள் கடலுக்கு வந்தபோது, கடன்பட்டு வாங்கிய வலைகள் இரவில் அறுபட்டன. கடலடி சுரண்டப்பட்டது. இலங்கை 2017இல் இழுவைமடி முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் நம் பக்கமும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதற்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் மாற்றம் மிக மெதுவாகவே நடக்கிறது.

நம் மீனவர் பட்ட துயரம் சிறிதல்ல. கடற்படையின் குண்டுக்கு உயிரிழந்தவர்கள், சிறையில் வாடுபவர்கள், படகை இழந்து கடனில் மூழ்கியவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். 2024இல் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதற்காகக் கச்சத்தீவுத் திருவிழாவையே இராமேசுவரம் மக்கள் புறக்கணித்தார்கள். அந்த வேதனை நியாயமானது. எனினும் மறுகரையில் நிற்பவர் கடற்படை மட்டும் அல்லர். அறுந்த வலையோடு நிற்கும், நம்மைப் போலவே செபமாலை சொல்லும் ஒரு தமிழ் மீனவரும் நிற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். அவர்களிடமும் காணி உறுதிகள் இருந்தன. செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. 1930களின் விலைவீழ்ச்சிக்குப் பின், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாக நம் ஊர் வட்டிக்கடைகளின் கைக்குப் போனது. பர்மிய உழவர் நிலமிழந்தார். 1942இல் சப்பானியப் படை வந்தபோது நம்மவர் ஓடி வந்தார்கள், பின்னர் பத்திரம் பெட்டியிலும் நிலம் பர்மாவிலும் ஆயிற்று. இழந்தவரின் துயரம், பறித்தவரின் பிழை இரண்டையும் நம் ஊர் அறியும். ஆகவே எவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்துத் தீர்ப்பிட நமக்குத் தகுதியில்லை. அதற்காகப் பேசாமல் இருக்கவும் நமக்கு உரிமையில்லை.

நிலம் வாங்கிய இறைவாக்கினர்

நாம் என்ன செய்யலாம்? கச்சத்தீவில் திருப்பலி முடிந்ததும் பொருள்களை மாற்றிக்கொண்டு திரும்பாமல், மறுகரை மீனவரோடு அமர்ந்து பேசலாம். இழுவைமடியிலிருந்து மாற விரும்பும் நம் மீனவருக்குக் கடனும் பயிற்சியும் கிடைக்கப் பங்குகள் குரல் கொடுக்கலாம். மண்டபம் முகாமிலும் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களிலும் நம்மோடு வாழ்பவர்களை, நாற்பதாண்டு விருந்தாளிகளாக அல்ல, அயலாராக ஏற்கலாம். மே 18 அன்று ஒவ்வொரு பங்கிலும் ஒரு மன்றாட்டாவது சொல்லலாம்.

எருசலேமைப் பாபிலோனியப் படை சூழ்ந்து நின்றபோது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்த வேளையில்தான் ஆண்டவர் அவரை அனத்தோத்தில் ஒரு நிலத்தை வாங்கச் சொன்னார் (எரேமியா 32). எதிரியின் படை நிற்கும் நிலம் அது. எந்த வணிகரும் வாங்கமாட்டார். எரேமியா பணத்தை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தில் முத்திரையிட்டு, நீண்ட காலம் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். மக்கள் அந்த நிலத்திற்குத் திரும்புவார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

யாழ்ப்பாணத்து அம்மா விடைபெறும்போது அந்தப் பிளாஸ்டிக் பையை மீண்டும் கவனமாக மடித்து அலுமாரியில் வைத்தார். "நான் போய்ச் சேராட்டியும் பேத்தி போவாள், தம்பி" என்றார். அவர் எரேமியாவைப் படித்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் எரேமியாவின் மண்பாண்டம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நிலமும் கடலும் படைத்த ஆண்டவரே, இழந்தவர்கள் தம் வாசலில் மீண்டும் நிற்கும் நாளைத் தாரும். பிறர் உரிமையின்மேல் எங்கள் கை இருந்தால், அதை எடுத்துவிடும் மனத்தையும் தாரும். ஆமென்.